சூடேறினால் மட்டும் கேட்கும் சத்தம்: 2010 மாடல் கார் ஒன்றின் கியர் பாக்ஸ் பழுது

பின்னணி

மதுரையிலிருந்து தேனி போகிற சாலையில், நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி இருக்கிற எங்கள் பட்டறைக்கு 2024 மே மாதம் வந்த கார் இது. 2010 மாடல், பெட்ரோல், முன்சக்கரம் இழுக்கிற சின்னக் கார், ஐந்து கியர் மேனுவல். ஓடோமீட்டர் 96,000 கிலோமீட்டர் சொச்சம் காட்டியது. ஆர்.சி. புத்தகப்படி இப்போதைய உரிமையாளர் மூன்றாவது ஆள். அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு புரோக்கர் மூலம் வாங்கியிருந்தார்.

அவர் செக்கானூரணியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு இரண்டு முறை மதுரைக்குக் கூட்டி வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். சிகிச்சை முடிந்து தளர்ந்துபோய் வருகிறவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியவில்லை என்பதற்காகவே இந்தக் காரை வாங்கினார். பின்னால் எடுத்த பல முடிவுகள் இதை வைத்துத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் வருவதற்கு முன் வேறு இடத்தில் காட்டியிருக்கிறார். முன்பக்க வலது வீல் பேரிங் மாற்றப்பட்டிருந்தது. சத்தம் போகவில்லை. அடுத்து டயரை மாற்றச் சொன்னார்களாம். அதற்கடுத்து கிளட்ச் செட். ஒவ்வொன்றாகக் காசு போய்க்கொண்டிருந்த நிலையில் அவருக்கு மெக்கானிக் என்றாலே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. எங்களையும் அப்படித்தான் பார்த்தார். அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

உரிமையாளர் சொன்னது

வண்டியைத் தொடுவதற்கு முன் அவரை உட்கார வைத்துக் கேட்டோம். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று அவர் சொன்னதுதான் இந்த வேலையில் முதல் தடயம்.

"காலையில எடுக்கிறப்ப ஒண்ணுமே தெரியாதுண்ணே. மதுரைக்குள்ள வந்து கோரிப்பாளையம் சிக்னல்ல நிப்பேன் பாருங்க, அப்பத்தான் கீழ இருந்து கரகரன்னு ஒண்ணு கிளம்பும். வெயில் காலம் வந்ததுல இருந்து ரொம்ப மோசம். அப்பாவே, என்னய்யா வண்டி முனகுதுன்னு கேட்டுட்டாரு."

கிளம்பும் நேரத்தில் இன்னொன்றையும் சொன்னார். பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்குக் கொடைக்கானல் போயிருக்கிறார். இரவு முழுக்க வெளியே நின்ற வண்டி, காலையில் இரண்டாவது கியருக்குள் போகவே மறுத்திருக்கிறது. மலை இறங்கி வத்தலக்குண்டு வருவதற்குள் சரியாகிவிட்டதால் அதை அவர் பழுதாகவே நினைக்கவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த பேரிங் குளிர்ந்திருக்கும்போதும் ஓரளவு சத்தம் போடும். குளிரில் அடியோடு அமைதி, சூட்டில் பலத்த சத்தம், கடும் குளிரில் கியர் விழ மறுப்பது என்று மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயிலை. அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில் உள்ளே இருந்தால் மூன்றுக்கும் அது ஒன்றே விளக்கம். ஜாப் கார்டில் "ஆயில்?" என்று எழுதி வைத்தோம். அவர் காரை வாங்கும்போது ஓட்டிப் பார்த்தது ஜனவரி மாதக் காலை ஏழு மணிக்கு, தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு.

ஓட்டிக் கேட்டது

கியர் பாக்ஸ் சத்தத்தைப் பொறுத்தவரை, சத்தம் எந்த மாதிரி இருக்கிறது என்று விவரிப்பதில் பெரிய பயன் கிடையாது. ஒருவருக்கு முனகல், இன்னொருவருக்கு ஊளை, மற்றொருவருக்கு அரைப்பு. எது சுற்றும்போது வருகிறது, எது நின்றால் நிற்கிறது என்று பிரித்துவிட்டால் போதும்; பாக்ஸைத் திறக்காமலே பாதி வழி போய்விடலாம்.

எங்கள் மூத்த மெக்கானிக்கும் நானும் உரிமையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உசிலம்பட்டி வரை போய்த் திரும்பினோம். போகும்போது முதல் பாதியில் ஒன்றுமே இல்லை. செக்கானூரணி தாண்டிய பிறகு மெல்லத் தொடங்கியது. உசிலம்பட்டியில் ஓரங்கட்டி, என்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் வைத்துக் கேட்டோம். கிளட்ச் பெடலில் கால் வைக்காதபோது தெளிவான கரகரப்பு. பெடலை முழுக்க அழுத்தியதும் சட்டென்று அறுந்து நிற்காமல், ஓரிரு நொடிகளில் இறங்கி அடங்கியது.

அந்த ஓரிரு நொடிதான் முக்கியம். நியூட்ரலில் பெடல் மேலே இருக்கும்போது என்ஜினோடு சேர்ந்து கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட், அதாவது என்ஜின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு, சுற்றுகிறது. பெடலை அழுத்தினால் தொடர்பு விடுபட்டு, ஷாஃப்ட் தன் வேகம் தீர்ந்து மெதுவாக நிற்கிறது. சத்தமும் அதோடு சேர்ந்தே இறங்குகிறது என்றால் அது இன்புட் ஷாஃப்ட்டோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. பெடலை அழுத்தும்போது கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் கெட்டிருந்தால் இதற்கு நேர்மாறாக, பெடலை அழுத்தும்போதுதான் சத்தம் பிறக்கும். கிளட்ச் செட்டை மாற்றியிருந்தால் அந்தப் பணமும் வீண்தான்.

திரும்பி வரும்போது நேரான, போக்குவரத்து இல்லாத இடம் பார்த்து 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று, நான்கு, ஐந்து என்று கியரை மட்டும் மாற்றிக் கேட்டோம். சாலை வேகம் ஒன்றேதான். ஆனால் மூன்றாவதில் என்ஜின் சுமார் 2,500 சுற்றில் ஓடும்போது சத்தம் உச்சத்தில் இருந்தது, ஐந்தாவதில் 1,500 சொச்சத்துக்கு இறங்கியபோது சுருதியும் கூடவே இறங்கியது. வீல் பேரிங்கோ டயரோ, இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலோ காரணமாக இருந்தால் 50-இல் எந்தக் கியரிலும் ஒரே சுருதிதான் கேட்க வேண்டும். அவற்றுக்குத் தெரிந்தது சக்கரத்தின் வேகம் மட்டுமே.

பிறகு மூன்றாவது கியரில் ஓடும்போதே கிளட்சை அழுத்திப் பிடித்தோம். என்ஜின் ஐட்லிங்குக்கு விழுந்தது. சத்தம் மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது. கியரில் இருப்பதால் இப்போது இன்புட் ஷாஃப்ட்டைச் சக்கரங்கள் சுற்றுகின்றன. ஆக ஆல்டர்னேட்டர், பெல்ட், வாட்டர் பம்ப் என்று என்ஜின் பக்கத்தில் இருப்பவை எல்லாம் வழக்கிலிருந்து விடுபட்டன. பெடலை விடாமலே நியூட்ரலுக்குத் தள்ளியதும் கரகரப்பு அடங்கியது.

அடங்கிய பிறகுதான் அதற்கு அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது: மெல்லிய, தாழ்ந்த ஒரு ஹம். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக வளைத்தபோது அது கூடவோ குறையவோ இல்லை. எனவே வீல் பேரிங் இல்லை. புதிதாகத் தார் போட்ட பகுதியில் குறைந்து, பழைய சொரசொரப்பான பகுதியில் கூடியது. டயர். முன்பு பார்த்தவர்களுக்குக் குழப்பம் வந்ததில் ஆச்சரியமில்லை. இரண்டு சத்தம் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தது. உரிமையாளரிடம் அப்போதே சொன்னோம்: பெரிய சத்தம் பாக்ஸுக்குள் இருக்கிறது, சின்ன சத்தம் டயரில் இருக்கிறது, முதலாவது போனாலும் இரண்டாவது இருக்கும்.

பட்டறையில் லிஃப்டில் ஏற்றி, நியூட்ரலில் ஓடவிட்டு ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்ததில், இடது சக்கரப் பக்கம் இருக்கிற ஐந்தாவது கியர் மூடிக்கு அருகில்தான் சத்தம் மிக அதிகம்.

ஆயிலை இறக்கியபோது

முதலில் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைத் திறக்க வேண்டும். அது திறந்த பிறகுதான் கீழே டிரெயின் போல்ட். வரிசை மாறி, ஆயிலை வடித்துவிட்டு ஃபில்லர் பிளக் இறுகித் திறக்கவில்லை என்றால் வண்டி அதே இடத்தில் நிற்க வேண்டியதுதான். சமதளத்தில் ஃபில்லர் துளையின் விளிம்பை ஆயில் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்பதுதான் அளவு. விரலை விட்டு வளைத்துப் பார்த்தார் மெக்கானிக். எட்டவில்லை.

சூடாக இருக்கும்போதே டிரெயின் போல்ட்டைக் கழற்றினோம். இந்தப் பாக்ஸுக்கு உரியது மெல்லிய ஆயில், சுமார் 2 லிட்டர். ஓடி வந்த சூட்டிலும் தண்ணீர் போல் பாய்ந்து விழ வேண்டியது, வெல்லப்பாகு போல் கயிறாக இறங்கியது. மெக்கானிக் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "140 ஊத்திருக்காங்க தம்பி, லாரிக்கு ஊத்துறது" என்றார். பழைய லாரிகளிலும் டிராக்டர்களிலும் டிஃபரன்ஷியலுக்கு ஊற்றுகிற ஆயில். அளந்ததில் 1.3 லிட்டர்தான் இருந்தது.

கெட்டி ஆயில் எப்படிச் சத்தத்தை மறைக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பேரிங்கின் உள்வளையத்தில் தோல் உரிந்தது போல் குழி விழுந்திருந்தால், ஒவ்வொரு குண்டும் அதன் மேல் ஏறி இறங்கும்போது அதிர்வு பிறக்கிறது. தடித்த ஆயில் படலம் அந்த அதிர்வை மெத்தையிட்டு அமுக்கிவிடும். சூடேறி இளகியதும் மெத்தை மெலிகிறது, சத்தம் வெளியே வருகிறது. இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு. குறுகலான இடங்களுக்கும் ஊசி பேரிங்குகளுக்கும் கெட்டி ஆயில் போய்ச் சேர நேரமாகும். கியர் மாற்றும்போது கியரையும் ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோ ரிங். அது கியரின் கூம்பு முகத்தில் உள்ள ஆயிலை வழித்துவிட்டுப் பிடித்தால்தான் இரண்டின் வேகமும் ஒன்றாகும். கெட்டி ஆயிலை அதனால் வழிக்க முடியாது. கொடைக்கானல் காலையில் இரண்டாவது கியர் விழாததற்கு அதுதான் காரணம். மதுரையில் மார்கழிக் காலையும் அந்த அளவுக்குக் குளிராது என்பதால் அங்கே போகும்வரை அது வெளிப்படவில்லை.

டிரெயின் போல்ட் முனையில் இருக்கும் காந்தத்தில் கரும்சாம்பல் நிறத்தில் பசை மாதிரி கொஞ்சம் அப்பியிருப்பது எந்தப் பழைய பாக்ஸிலும் சகஜம். இதில் பசைக்கு நடுவே தட்டையாகப் பளபளக்கும் செதில்கள் இருந்தன. ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். காந்தத்தைத் தட்டுக்கு அடியில் நகர்த்தினால் செதில்கள் பின்னாலேயே வந்தன, எஃகு. காந்தத்துக்கு மசியாமல் மஞ்சளாக மின்னிய துகள் கொஞ்சம். அது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. பல் உடைந்தால் வருகிற தடித்த துண்டு ஒன்றுகூட இல்லை. அன்றைய நாளின் ஒரே நல்ல செய்தி அதுதான்.

குறைந்த ஆயில் எங்கே போனது என்பதற்கும் விடை கிடைத்தது. இடது ஆக்சில் நுழையும் இடத்தில் ஆயில் சீலைச் சுற்றி எண்ணெயும் செம்மண் புழுதியும் கலந்து அடையாகக் காய்ந்திருந்தது. அவ்வளவு தடித்த அடை சில வாரத்தில் சேராது. முன்பு வலது வீல் பேரிங் மாற்றியவர்கள் மேல் பழி போட உரிமையாளர் தயாராக இருந்தார். கசிவு அவர்கள் கை வைப்பதற்கு வெகு காலம் முந்தியது என்று அந்த அடையைக் காட்டியே விளக்கினோம்.

என்ன செய்வது என்ற முடிவு

மூன்று வழி இருந்தது. சரியான ஆயிலை ஊற்றி, சத்தத்தோடு ஓட்டுவது ஒன்று. சென்னை புதுப்பேட்டை போன்ற இடத்திலிருந்து பழைய பாக்ஸ் ஒன்றை வரவழைத்து மாட்டுவது இரண்டு. கழற்றி, கெட்டதை மாற்றுவது மூன்று.

முதலாவதுதான் உரிமையாளரின் விருப்பம். "ரெண்டு மாசம் ஓடுனாப் போதும்ண்ணே, கடையில கொஞ்சம் பணம் சேர்ந்துரும்." நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. செதில் உரியத் தொடங்கிய பேரிங் தானாக நிற்காது. தளர்வு கூடக் கூட ஷாஃப்ட் நடுவிலிருந்து விலகும், பல்லும் பல்லும் சரியான இடத்தில் பொருந்தாது, இன்று ஒரு பேரிங்கோடு முடிகிற செலவு கியர் செட்டுக்குப் போய்விடும். பேரிங் குண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் கூண்டு உடைந்து அவை பல்லுக்கு நடுவே விழுந்தால் பாக்ஸ் ஓட்டத்திலேயே இறுகலாம். டயாலிசிஸ் முடித்த பெரியவர் பின்சீட்டில் படுத்திருக்கும்போது தேனி சாலையில் அது நடக்கக் கூடாது. இதை மழுப்பாமல் அப்படியே சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வேலை முடியும்வரை மைத்துனரின் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

பழைய பாக்ஸ் என்பது வேகமான வழி. ஆனால் அதே வயதுள்ள, என்ன ஆயில் ஊற்றி ஓட்டினார்கள் என்றே தெரியாத ஒன்றை, மாட்டிய பிறகுதான் சூடேற்றிக் கேட்க முடியும். இப்போது நம் கையில் இருக்கும் பாக்ஸுக்கு நோய் என்னவென்றாவது தெரிகிறது.

எனவே மூன்றாவது வழி, ஒரு நிபந்தனையோடு. திறந்த பிறகு இன்புட் ஷாஃப்ட்டின் பற்களில் குழி விழுந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திப் பழைய பாக்ஸ் தேடுவது. பேரிங்கோடு நின்றிருந்தால் தொடர்வது. அதிகபட்சச் செலவு எவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். 2025-இல் காருக்கு 15 வருடம் முடிந்து, ஆர்.சி.யை அடுத்த 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவையும் சேர்த்தே அந்தத் தொகையை முடிவு செய்தோம். அதைத் தாண்டுகிற மாதிரி எது வந்தாலும் போன் செய்து கேட்காமல் கை வைப்பதில்லை என்பது பேச்சு.

கழற்றிப் பார்த்ததில்

இறக்கிய பாக்ஸை வெளிப்புறம் முழுக்கக் கழுவாமல் திறக்கக் கூடாது. கழுவும்போதுதான் மேலே இருக்கும் பிரீதர் கண்ணில் பட்டது. சின்னத் தொப்பி மாதிரி மூடி. அதைத் திருப்பி எடுத்தால் உள்ளே செம்மண் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. வாயை வைத்து ஊதினால் துளிக் காற்றுகூடப் போகவில்லை.

என் பார்வையில் இந்த முழுக் கதையின் வேர் இங்கேதான். பாக்ஸ் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேறத்தான் பிரீதர். அது அடைத்தால் அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான இடத்தைத் தேடும், அது ஆக்சில் சீலின் உதடு. தினமும் ஓடச் சூடாகி, நிற்கக் குளிர்ந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆயிலைப் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. அளவு குறைந்தபோது முதலில் காய்ந்தது, கடைசி மூலையில் ஐந்தாவது கியர் பக்கம் இருக்கும் பேரிங். அதன் பிறகு யாரோ 140 ஊற்றியிருக்கிறார்கள். கசிவைக் குறைக்க ஊற்றினார்களா, சத்தத்தை மறைத்து விற்பதற்காகவா என்பது இரண்டுக்கும் ஒரே கைவைத்தியம் என்பதால் வண்டியைப் பார்த்துப் பிரிக்க முடியாத விஷயம். சீலை மட்டும் மாற்றி, பிரீதரை விட்டிருந்தால் அடுத்த வருடம் இதே கசிவு.

ஐந்தாவது கியரின் நட்டைத் திறக்க இரண்டு கியரை ஒரே சமயத்தில் போட்டு ஷாஃப்ட்டைப் பூட்டினோம். பாக்ஸின் வெளிக்கூடு பிரிந்து, இரண்டு ஷாஃப்ட்டும் கியரைத் தள்ளும் ஃபோர்க்கோடு சேர்ந்து மேலே வந்தன. எதிர்பார்த்த பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு ஆயில் விட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினால் விரல் நுனிக்கே மணல் தெரிந்தது. உள்வளையத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மேல்தோல் உரிந்து சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. ஸ்டெதாஸ்கோப் சொன்ன அதே இடம்.

கூட நின்ற பையன் பேரிங்கை ஏர் துப்பாக்கியால் சுற்றிக் காட்டப் போனான். மெக்கானிக் கையைப் பிடித்துவிட்டார். காற்றில் சுற்றினால் ஆயில் இல்லாமல் அளவுகடந்த வேகத்துக்குப் போய் நல்ல பேரிங்கும் கெடும். கெட்ட பேரிங்காக இருந்தால் சிதறி முகத்தில் அடிக்கும். வேலை பழகுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இது முதல் வாரத்திலேயே சொல்லப்பட வேண்டும்.

பற்கள் பிழைத்திருந்தன. மூன்றாவதும் நான்காவதும் சீரான தேய்மானம். ஐந்தாவதில் மட்டும் பல்லின் ஓரமாக ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு, நகத்தால் வருடினால் தட்டுப்படவில்லை. படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி, போனில் பேசித் தொடர்ந்தோம்.

மாற்றியதும் மாற்றாததும்

இன்புட் ஷாஃப்ட்டின் இரு முனைப் பேரிங்குகளையும் மாற்றினோம். கிளட்ச் பக்கத்தில் இருந்தது இன்னும் கெடவில்லை. ஆனால் அதே செதில் கலந்த ஆயிலில் ஓடியது, அதற்காக இன்னொரு முறை பாக்ஸை இறக்கும் கூலி பேரிங் விலையைவிடப் பல மடங்கு. சிங்க்ரோ ரிங்குகளை ஒவ்வொன்றாகக் கியரின் கூம்பில் அழுத்தி, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தோம். பல சின்னக் கார்களில் 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். இரண்டாவது கியருடையது மட்டும் கீழே போயிருந்தது. இரண்டு ஆக்சில் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், பிரீதர் மூடி ஆகியவை புதிது.

டிஃபரன்ஷியல் பேரிங்குகளைத் தொடவில்லை. "இவ்வளவு கழட்டியாச்சு, அதையும் போட்டுரலாமேண்ணே" என்று உரிமையாளரே கேட்டார். அவை கூம்பு வடிவ ரோலர்; எவ்வளவு இறுக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை ஷிம் தகட்டின் தடிமனை அளந்து தீர்மானிக்க வேண்டும். தழும்பில்லாத பேரிங்கை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தால் அந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும், கொஞ்சம் தவறினாலும் இல்லாத சத்தத்தை நாமே உண்டாக்குவோம். கிளட்ச் பிளேட்டும் அப்படியே. ரிவெட்டுக்கு மேல் போதுமான லைனிங் இருந்தது. ரிலீஸ் பேரிங்கை மட்டும் மாற்றினோம்.

பேரிங் வாங்குவதில் அவசரம் கூடாது. வெளிவளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை முழுவதும், கடைசியில் வருகிற சி3 போன்ற குறியையும் சேர்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். அந்தக் குறி உள்ளே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. அளவு ஒன்றாக இருக்கிறது என்று குறி இல்லாததை மாட்டினால், சூட்டில் விரிய இடமில்லாமல் இறுகும். போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கக் கூடாது.

புதுப் பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்ற, ஆயிலில் போட்டு ஏறக்குறைய 100 டிகிரி வரை சூடாக்கி நழுவவிட்டோம். கேஸ் டார்ச் கிட்டவே வரக் கூடாது. பிரஸ்ஸில் ஏற்றுகிறவர்கள் உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். வெளிவளையத்தைத் தள்ளினால் அழுத்தம் குண்டுகள் வழியே போய்த் தடம் பதிக்கும். இடது ஆக்சிலில் பழைய சீலின் உதடு உராய்ந்து ஒரு பள்ளக் கோடு விழுந்திருந்தது. புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் போல வெளியே தள்ளி உட்கார வைத்ததால், உதடு அந்தக் கோட்டைவிட்டு விலகித் தேயாத இடத்தில் படிந்தது.

ஆயில், தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன மெல்லிய ரகம், தரக் குறியீடு ஜிஎல்-4. கடையில் "ஜிஎல்-5 இன்னும் உசத்தி" என்று எடுத்துக் கொடுப்பார்கள். டிஃபரன்ஷியலுக்கு அது உசத்திதான். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பித்தளை சிங்க்ரோ ரிங் இருக்கும் பாக்ஸில் சூட்டோடு சேர்ந்து அதை அரிக்கும். கையேடு கேட்காதவரை ஊற்ற வேண்டாம்.

மீண்டும் சாலையில்

சரிபார்க்கும் ஓட்டத்தை வேண்டுமென்றே மத்தியானத்துக்கு வைத்தோம். பழுது தெரிந்தது சூட்டில். போயிற்றா என்பதும் சூட்டில்தான் தெரிய வேண்டும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரை ஏறி இறங்கினோம். மேலே நிறுத்தி நியூட்ரலில் வைத்து, பெடலில் காலை வைத்தும் எடுத்தும் கேட்டோம். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 50-இல் மூன்று கியரிலும் கரகரப்பு இல்லை.

ஐந்தாவது கியரில் 70-ஐத் தாண்டும்போது ஒரு மெல்லிய ஊளை இருந்தது. பல்லோரம் பார்த்த அந்தப் பளபளப்புக் கோடு அது. அதை நீக்க வேண்டுமென்றால் ஐந்தாவது கியர் ஜோடியையே மாற்ற வேண்டும். ஒப்புக்கொண்ட தொகையைத் தாண்டும், ஓட்டத்துக்கும் ஆபத்தில்லை. விட்டுவிட்டோம், பில்லிலும் அதை எழுதிக் கொடுத்தோம். டயரின் ஹம்மும் சொன்னபடி இருந்தது. பின்டயரை முன்னுக்கு மாற்றிப் போட்டதும் சத்தம் பின்னாலிருந்து முன்னுக்கு வந்துவிட்டதால் அவருக்கே அது உறுதியானது.

1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு வரச் சொல்லி ஆயிலை வடித்துப் பார்த்தோம். காந்தத்தில் பசை மட்டும், செதில் இல்லை. ஃபில்லர் துளையில் விரலை வைத்தால் விளிம்பிலேயே ஆயில். 2025-இல் ஆர்.சி. புதுப்பிக்கும் முன் வந்தபோதும் அதே அளவு, ஆக்சில் பக்கம் உலர்ந்திருந்தது. வாரம் இரண்டு முறை மதுரைக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இனி மாற்றிச் செய்வது

பழைய கார் வாங்குவதற்கு முன் காட்டுவதற்காக வருகிறவர்களிடம், காலையில் கொண்டுவராதீர்கள் என்று இப்போது சொல்கிறோம். அரை மணி நேரமாவது ஓடிச் சூடேறிய வண்டியாக வர வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். நின்ற இடத்தில் கிளட்சை அழுத்தியும் விட்டும் கேட்பது, ஒரே வேகத்தில் மூன்று கியர் போட்டுக் கேட்பது, ஃபில்லர் பிளக்கைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுப் பார்ப்பது என்று எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. செக்கானூரணிக்காரர் ஜனவரியில் இதைச் செய்திருந்தால் காரை விட்டிருக்கலாம், அல்லது பேரிங் செலவைக் கழித்து விலை பேசியிருக்கலாம்.

ஜாப் கார்டில் சத்தம் பற்றிய புகாருக்கு "குளிரிலா, சூட்டிலா", "பெடல் மேலேயா, கீழேயா" என்று இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதை நிரப்பாமல் எந்த உதிரி பாகத்துக்கும் ஆர்டர் போவதில்லை. ஆக்சில் சீல் கசிவு என்று வருகிற வண்டிகளில் சீலுக்கு முன்னால் பிரீதரைத் திருப்பிப் பார்க்கிறோம். கண்மாய்க் கரை, செம்மண் பாதை என்று ஓடுகிற வண்டிகளில் சேறு அடைத்தவை கிடைக்கவே செய்கின்றன. சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. அதற்குத் தனியாகக் கூலி போடுவதில்லை.